குழந்தை பார்க்க வந்தவள் அல்ல

ஸெனிட்ஸாவில் அம்ராவின் கோபத்துக்கு ஒரு பேர் இருந்தது. அவள் காது மடல் சிவக்கத் தொடங்கினால் வகுப்புப் பிள்ளைகள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். கத்துகிற ரகமில்லை அவள். குரல் தாழ்ந்துகொண்டே போகும், சொற்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். பத்தாம் வகுப்பில் ஒரு கணக்கு வாத்தியார் அவளிடம் அப்படி மாட்டிக்கொண்டு, கடைசியில் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

வேதியியல் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்ததும் ஒரு கோபத்தில்தான். ஸெனிட்ஸா போஸ்னியாவில் ஓர் இரும்பாலை ஊர். குளிர்காலம் வந்தால் புகை மலைக்கு மேல் போகாமல் ஊருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியை அம்மா ஹாய்ரா உதறினால் கரி பறக்கும். இந்தக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் நகராட்சியிலும் பதில் இல்லை, பள்ளிக்கூடத்திலும் பதில் இல்லை. சரி, நானே படித்துக் கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று முடிவு கட்டினாள். ஐந்து வருஷம் விடாமல் ஜெர்மன் படித்தாள். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மாணவர் விடுதியிலும் ஓர் அறை கிடைத்தது.

அந்த விடுதி அறையை அவளே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும்படி ஆனதற்குக் காரணம் செனாத் மாமா. ஹாய்ராவின் தம்பி. போர்க்காலத்தில் பதினெட்டு வயதில் கிராட்ஸுக்கு ஓடி வந்து, கட்டடங்களுக்குச் சுவர் பூசும் வேலையில் சேர்ந்து, அங்கேயே ஊன்றிவிட்டவர். ஆகஸ்டில் அவர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"என் அக்கா பொண்ணு ஹாஸ்டல்ல போய்க் கிடக்கணுமா? கிராட்ஸ்ல நம்ம ஆளுங்க என்னைப் பத்தி என்ன பேசுவாங்க? நான் செத்தா போயிட்டேன்?"

அப்பா மட்டும் முனகினார். "பசங்களோட பசங்களா ஹாஸ்டல்ல இருக்கட்டுமே" என்றார். அம்மா கேட்கவில்லை. தம்பி என்று வந்துவிட்டால் ஹாய்ரா யார் பேச்சையும் கேட்பவள் அல்ல.

அக்டோபர் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்ரா கிராட்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். பையில் பாதிக்கு மேல் மாமாவுக்கான சரக்கு: உப்புக்கண்டம், அரைத்த காப்பித்தூள், அம்மா செய்த மிளகாய்த் தொக்கு நாலு சீசா. மாமா ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

"மகனே! என் கண்ணே! எவ்வளவு வளந்துட்டே!"

எங்கள் ஆட்களில் பாசம் பொங்கினால் பெண் பிள்ளையையும் மகனே என்றுதான் கூப்பிடுவது. செனாத் மாமாவுக்கு அந்தப் பாசம் எப்போதெல்லாம் பொங்கும் என்பதை அந்த வாரத்திலேயே அம்ரா தெரிந்துகொண்டாள்.

லீபனா என்ற பகுதியில் மூன்றாவது மாடி வீடு. யாஸ்மின்கா அத்தை கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து அடை சுட்டிருந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை அவளுக்கு. சிரிப்பைக் கடையிலேயே செலவழித்துவிட்டு வருகிறவள் மாதிரி முகம். நாலு வயது இரட்டைப் பெண்கள், லானாவும் நோராவும், மேசைக்கு அடியிலிருந்து அம்ராவின் காலுறையை இழுத்துக்கொண்டிருந்தன. சாப்பாடு முடிந்ததும் அத்தை அவளை அறைக்கு அழைத்துப் போனாள். குழந்தைகளின் அறை. இரண்டு சின்னக் கட்டில்களுக்கு நடுவே தரையில் ஒரு மெத்தை.

"இங்க படுத்துக்க. நடுவுல நீ இருந்தா ரெண்டும் சண்டை போடாம தூங்கும்" என்றாள் அத்தை. "நாளைலேர்ந்து எனக்குக் காலை ஷிப்ட். நீ வந்துட்டியே, அதான் கேட்டு வாங்கிட்டேன்."

நீ வந்துட்டியே என்பதற்கு என்ன அர்த்தம் என்று அம்ரா அப்போது யோசிக்கவில்லை. பஸ் களைப்பு. படுத்த உடனே தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பல்கலைக்கழகத்தில் புது மாணவர்களுக்கு வரவேற்பு. அதற்கென்று அம்மா தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அத்தை ஏற்கெனவே போயிருந்தாள். மாமா வாசலில் குந்தி பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மகனே, மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் இதுங்களைப் பாத்துக்கோ. அத்தை வந்துடுவா."

"எனக்கு யூனிவர்சிட்டி போகணும் மாமா. இன்னிக்கு வரவேற்பு."

"வரவேற்பா? அதுல என்ன இருக்கு, ஒரு ஆளு மைக்ல பேசுவான், ஆளுக்கு ஒரு பேனா குடுப்பான். பேனா நான் வாங்கித் தரேன்." கதவு சாத்திக்கொண்டது.

அத்தை வந்தபோது மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவில் விழுந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. அம்ரா டிராமைப் பிடித்து ஓடினாள். கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள்தானே, பரவாயில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பினாள்.

செவ்வாயும் அதே கதைதான். அன்றைக்கு மாமா 'மகனே' சொல்லக்கூட நிற்கவில்லை. அம்ரா பல் துலக்கிவிட்டு வந்தபோது வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. நோரா தலையில் தயிர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டையும் கழுவித் துடைத்து, கீழே விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் ஆஸ்திரிய அம்மாள் இவளைப் பார்த்து ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை புரியவில்லை. கிராட்ஸ் இருக்கிற ஸ்டைரியா மாநிலத்துக்காரர்கள் பேசுவதில்லை, குரைக்கிறார்கள் என்று மற்ற ஆஸ்திரியர்களே கேலி செய்வது வழக்கம். ஆனால் அதை யாரும் அம்ராவுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஐந்து வருஷம் படித்து, பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கிய ஜெர்மனோடு அவள் மரம் மாதிரி நின்றாள்.

"உன் ஷூ கயிறு அவுந்து கெடக்காம்" என்று லானா மொழிபெயர்த்தாள்.

அந்த அம்மாள் மறுபடியும் ஏதோ கேட்டாள்.

"இப்ப என்ன சொல்றாங்க?"

"நீ எங்களோட புது ஆயாவான்னு கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு லானா ஜெர்மனில் அவளுக்குப் பதிலும் சொன்னாள். அது மட்டும் அம்ராவுக்கு நன்றாகப் புரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தாள்.

அம்ராவின் காது சூடேறியது. குந்தி உட்கார்ந்து, குழந்தையின் முகத்துக்கு நேராக, "லானாக்குட்டி, நான் ஆயா இல்ல, உன் அக்கா. நீங்க ரெண்டு பேரும் எப்போ கிண்டர்கார்டன் போவீங்க?" என்று கேட்டாள்.

"நாங்க இனிமே போகமாட்டோமே" என்றாள் லானா.

"அப்பா டீச்சர்கிட்ட டாட்டா சொல்லிட்டார்" என்றாள் நோரா. "இனிமே நீதான் எங்க கிண்டர்கார்டன்."

சறுக்குமரத்தின் இரும்புக் கம்பியை அம்ரா பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் உதவி, இரண்டு நாள் உதவி என்று நினைத்ததெல்லாம் நொறுங்கியது. அவள் இந்த ஊருக்கு வருமுன்பே, அவள் விடுதி அறையை விட்டுக்கொடுத்த மாதத்திலேயே, எல்லாம் பேசி முடிக்கப்பட்டிருக்கிறது.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். குழந்தைகள் மணலை வாரி ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டிருந்தன.

"அம்மா, மாமா குழந்தைங்களைக் கிண்டர்கார்டன்லேர்ந்து நிறுத்திட்டார். உனக்குத் தெரியுமா?"

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது.

"சாயங்காலம் கொஞ்சம் கூடமாட பாத்துக்கட்டும்னு சொன்னான்."

"சாயங்காலம் இல்லம்மா. காலைலேர்ந்து. நான் இன்னும் யூனிவர்சிட்டிக்குள்ள கால் வைக்கல."

"ரெண்டு நாள் முன்ன பின்ன ஆகும். மாமா வீட்ல இருக்கே, உக்காந்த இடத்துல சாப்பாடு வருது. ரெண்டு குழந்தையைப் பாத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடுவே?"

"படிப்பு குறைஞ்சு போகும்."

"அப்படி முகத்துல அடிச்ச மாதிரி பேசாதே. அவன் என் தம்பி."

"நான் உன் பொண்ணு" என்று சொல்லி அம்ரா போனை வைத்தாள். அம்மாவிடம் அப்படிப் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. அதற்காக வருத்தப்படக்கூட அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்தின் முதல் வகுப்பு. மற்ற வகுப்புகளுக்குப் போகாமல் இருந்தால் பிறகு சமாளித்துக்கொள்ளலாம். ஆய்வுக்கூடம் அப்படியில்லை. இருக்கிற மேசைகள் கொஞ்சம், கேட்டிருப்பவர்கள் அதிகம். முதல் நாள் வராதவரின் இடம், காத்திருக்கிறவருக்குப் போய்விடும். எந்தச் சாக்கும் செல்லாது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஆகவே புதன்கிழமை சாயங்காலம், அத்தை குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அம்ரா பால்கனிக்குப் போனாள். மாமா சிகரெட் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் குழந்தை பாக்க வரல."

"யாரு சொன்னா அப்படி? நீ எங்க வீட்டுப் பொண்ணு."

"கிண்டர்கார்டனை ஏன் நிறுத்தினீங்க?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஸெனிட்ஸாவில் ஹாய்ரா உருகிப்போவாள். "மகனே, கேளு. இந்த ஒரு செமஸ்டர் சும்மா இரு. காது ஜெர்மனுக்குப் பழகட்டும். குழந்தைங்களோட பேசினா எந்த வாத்தியார்கிட்டயும் வராத ஜெர்மன் வரும். பிப்ரவரில படிப்பை ஆரம்பி. யாரு துரத்துறா உன்னை?"

"நாளைக்குப் போகலன்னா என் இடம் போயிடும்."

"சரி, சரி." புகையை ஊதினார். "நாளைக்கு ஒரு நாள் நான் வீட்ல இருக்கேன். போதுமா? ஆனா அத்தைகிட்ட இதைப் பத்தியெல்லாம் பேச்செடுக்காதே. கடைல அவளுக்கு ஏதோ பிரச்சனை, நரம்பெல்லாம் முறுக்கேறிக் கெடக்கு. நீ ஏதாவது சொல்லப்போக, என் தலைதான் உருளும்."

அம்ரா நம்பினாள். நம்பியதற்காகப் பின்னால் மாமாவைவிடத் தன்னைத்தான் அதிகம் திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை எழுந்தபோது பூட்ஸ் இருந்த இடம் காலி. மாமாவின் போன் அணைந்திருந்தது. அத்தையின் போன் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கடையில் பில் போடுகிறவர்களைப் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள்.

அவள் அழுவாள் என்று நினைத்தால் அது அம்ராவைத் தெரியாதவர்கள் நினைப்பது. நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். இரட்டையரை எழுப்பி, முகம் கழுவி, கோட்டு மாட்டி, ஆளுக்கொரு ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்து, டிராமில் ஏற்றினாள்.

"நாம எங்க போறோம்?" என்று கேட்டாள் நோரா.

"உங்க அப்பாவைப் பாக்க."

முன்பு பீர் ஆலை இருந்த இடத்தில் பெரிய பெரிய குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்தன. மாமா அங்கேதான் வேலை செய்கிறார் என்பது வந்த நாளே தெரியும். சாப்பாட்டு மேசையில் அந்தப் பெருமையை இரண்டு தடவை சொல்லியிருந்தார். கம்பி வேலி வாசலில் அந்நியர்கள் நுழையக் கூடாது என்று பலகை தொங்கியது. அம்ரா நுழையவில்லை. வேலிக்கு வெளியே நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

"செனாத் மாமா!"

கிராட்ஸில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் எங்கள் மொழியில் கத்தினால் பத்துத் தலையாவது திரும்பும். சாரத்தில் நின்றவர்கள், சிமெண்ட் கலக்கியவர்கள், கூரையில் ஆணி அடித்தவர்கள், எல்லாரும் திரும்பினார்கள். இரண்டாம் மாடிச் சாரத்தில் இருந்த பெரியவர் ஸ்டிபோ, போஸ்னியாவிலிருந்து வந்த குரோவாஷியர், நாக்கில் எண்ணெய் தடவிய மனுஷர், கீழே குனிந்து பார்த்தார்.

"டேய் செனாதே! மூணு பொம்பளைங்க தேடி வந்திருக்காங்க. ரெண்டு சின்னது. மூணாவதைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. நீ பின்பக்கமா ஓடிடு."

சிரிப்பு எழுந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் பூச்சோடு மாமா இறங்கி வந்தார். பார்வை இவள்மேல் நிற்காமல் சுற்றுமுற்றும் அலைந்தது.

"பைத்தியமா உனக்கு? குழந்தைங்களை இங்க கூட்டிட்டு வரலாமா? மேஸ்திரி பாத்தா என்ன ஆகும்?"

"இன்னிக்கு வீட்ல இருக்கேன்னு சொன்னீங்க."

"அவசர வேலை வந்துடுச்சு மகனே, என்ன பண்றது..."

"என்னை மகனேன்னு கூப்பிடாதீங்க."

குரல் தாழ்ந்துவிட்டது. சாரத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் காது கொடுக்கத் தொடங்கினார்கள்.

"உங்களுக்கு ஏழு வயசு இருக்கும்போது உங்க அம்மா போயிட்டாங்க. உங்களைக் குளிப்பாட்ட, சோறு போட, ஸ்கூலுக்கு அனுப்ப ஆள் இல்ல. எங்க அம்மா எட்டாவதோட நின்னாங்க. நர்ஸ் படிக்க இடம் கெடச்சிருந்துச்சு அவங்களுக்கு. போகல. உங்களுக்காக. இது உங்களுக்குத் தெரியும்ல?"

"அதெல்லாம் இப்போ எதுக்கு..."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"எங்க வீட்ல ஒரு பொம்பளையோட படிப்பை நீங்க ஏற்கெனவே தின்னாச்சு மாமா. இன்னொண்ணு கிடையாது."

பூச்சு காய்ந்து உதிர்கிற அவர் கையை அம்ரா பிடித்து, அதில் லானாவின் கையையும் அடுத்த கையில் நோராவின் கையையும் வைத்தாள். "ரொட்டி தின்னாச்சு. நோராவுக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல ஒண்ணுக்கு வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"அப்பா, கிரேன்!" என்று நோரா கூவுவது பின்னால் கேட்டது. ஸ்டிபோ மேலேயிருந்து, "செனாதே, வாயை மூடு, ஈ போகுது" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

டிராம் நிறுத்தத்துக்கு ஓடினாள். இடையில் மாறிய டிராம் ஒரு நிறுத்தத்தில் நின்றது நின்றபடியே இருந்தது. பல்கலைக்கழகத்தில் வாசல் மாறிப்போய், படியேறி இறங்கி, ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தபோது எல்லாரும் வெள்ளை அங்கியோடு மேசைக்கு மேசை நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட, நரைமுடியை ஒட்ட வெட்டிய பெண் ஒருவர் பேச்சை நிறுத்தினார். டாக்டர் கோஃப்லர்.

"பேர்?"

சொன்னாள்.

"உங்க இடத்தைக் குடுத்தாச்சு. உங்களுக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தேன்." கோஃப்லர் பேசியது சுத்தமான ஜெர்மன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் போயிருந்தால் தேவலை.

கடைசி மேசையில் ஒரு பெண் தலைகுனிந்து நின்றாள். காத்திருந்தவள் அவள்தான் போலும். அவள்மேல் கோபப்பட முடியாது. கோஃப்லர்மேலும் முடியாது, விதி எல்லாருக்கும் ஒன்று. கோபம் முழுக்க உடம்புக்குள் இருந்தது, போவதற்கு வழி இல்லை. அம்ரா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"நான் நின்னு கேக்கலாமா?" என்றாள். "எதையும் தொடமாட்டேன்."

கோஃப்லர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நீலச் சட்டையின் தோளில் ரொட்டித் துணுக்கும் குழந்தையின் மூக்குச்சளியும் ஒட்டியிருந்தன. "காதுக்கு மேசை வேண்டாம்" என்றார். "கதவைச் சாத்திட்டு வந்து நில்லுங்க."

அமிலம் தெறித்தால் என்ன செய்வது, கண்ணில் பட்டால் எங்கே ஓடுவது, எந்தச் சீசாவை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று கோஃப்லர் சொன்னதையெல்லாம் அவள் சுவரோடு நின்றபடி கேட்டாள். இந்த செமஸ்டர் அந்தச் சீசாக்களை அவள் தொடப்போவதில்லை. வசந்தகாலத்தில்தான் இனி இடம். தெரிந்துதான் நின்றாள், கடைசிவரை.

சாயங்காலம் வீடு திரும்பியபோது யாஸ்மின்கா அத்தை சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். மாமா மேசையில் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவரைப் பாதி நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வேலை பாக்கற இடத்துல என் புருஷன் மானத்தை வாங்கிட்டியாமே?" என்றாள் அத்தை. "ஏண்டி, குழந்தைங்களை நான் பாத்துக்கறேன், பாத்துக்கறேன்னு நீதானே சொன்னே? இப்போ தெருவுல நின்னு கத்தறே?"

"நானா?"

"நீதான். ஆகஸ்ட்ல. 'அத்தை காலை ஷிப்டே வாங்கிக்கட்டும், குழந்தைங்க எனக்கு உசுரு'ன்னு சொன்னியாம்."

"நான் ஆகஸ்ட்ல மாமாகிட்ட பேசவே இல்ல அத்தை. அம்மாதான் பேசினாங்க. அம்மாகிட்ட சாயங்காலம் கொஞ்சம் கூடமாடன்னு சொல்லியிருக்கார்."

அத்தை மெதுவாகத் திரும்பினாள்.

"செனாத்?"

"எல்லாம் ஒரே குடும்பம்தானே யாஸ்மின்கா. மத்தியானம் ஒரு மணிக்குக் கிண்டர்கார்டன் விட்டா கூட்டிட்டு வரது யாரு? என்னால வேலையை விட்டு ஓடிவர முடியுமா? அவ வந்தா பழகிக்குவான்னு நெனச்சேன்."

"அந்த இடத்துக்கு ஒரு வருஷம் காத்திருந்தேன், செனாத்! நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே! உன் பேச்சைக் கேட்டு!" கையிலிருந்த கரித்துணியை அவர்மேல் எறிந்தாள். அது காப்பியில் விழுந்தது. "ஒரு பொண்ணுகிட்ட ஒரு பொய், இன்னொருத்திகிட்ட இன்னொரு பொய். எங்களை ஒருத்தரோட ஒருத்தர் பேச விடாம, நடுவுல உக்காந்து நீ சுகமா சிகரெட் பிடிச்சே!"

பிறகு அதே வேகத்தில் அம்ரா பக்கம் திரும்பினாள். "உன்மேலயும் கோபம்தான் எனக்கு. திங்கட்கிழமையே வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"உங்ககிட்ட பேசாதேன்னு மாமா சொன்னார். உங்க நரம்பு சரியில்லையாம்."

"என் நரம்பா?" என்றாள் அத்தை. அடுத்து அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. கீழ்வீட்டு ஆஸ்திரியக் கிழவர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அன்றைக்குக் குழந்தைகள் அறையில், இரண்டு கட்டில்களுக்கு நடுவே, தரை மெத்தையில் படுத்தது செனாத் மாமா.

மறுநாள் அத்தை லீவு போட்டாள். முதலில் கிண்டர்கார்டனுக்குப் போனாள். ஜனவரிக்கு முன் இடம் இல்லை என்றார்கள். பழையபடி மாலை ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்தாள். காலை ஷிப்டில் தலைமைப் பொறுப்பு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது அதோடு போயிற்று. அதையெல்லாம் அவள் அம்ராவிடம் டிராமில் நின்றுகொண்டே, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். அவள் கோபத்துக்குத் தன்னுடையதைவிட வயது அதிகம் என்று அம்ராவுக்குத் தோன்றியது.

"எங்க போறோம் அத்தை?"

"உனக்கு ரூம் பாக்க. என் வீட்ல நீ இருந்தா நான் உன்னைப் பாக்கும்போதெல்லாம் அவனைத் திட்டுவேன். உனக்கும் படிப்பு ஓடாது, எனக்கும் தொண்டை போயிடும்."

அத்தையின் கடைக்கு மாவும் பாலும் வாங்க வருகிற சிஸ்டர் பிலாஷென்கா, போஸ்னியாவில் லிவ்னோ என்ற ஊர்ப்பக்கத்துக் குரோவாஷியர். ஆற்றுக்கு அக்கரையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் விடுதியில் சமையல் அவர் பொறுப்பு. குட்டையான, அகலமான அம்மாள். பேரைக் கேட்டதுமே அம்ரா முஸ்லிம் என்று தெரிந்துவிட்டது, எந்த மதம் என்று கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

"பத்து மணிக்குக் கதவைச் சாத்திடுவோம்" என்றார். "ஆம்பளைங்க வாசலோட சரி. எங்க சாப்பாட்டுல பன்றி வரும், உனக்கு அன்னிக்கு முட்டை. முட்டை அலுத்துப் போச்சுன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிக்கமாட்டேன் சிஸ்டர்."

"படிப்பியா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

கட்டில், மேசை, சுவரில் ஒரு சிலுவை, முற்றத்தைப் பார்த்த ஜன்னல். சனிக்கிழமை மதியம் அம்ரா பையைக் கொண்டுவந்து வைத்தாள். மாமா வீட்டிலிருந்து கிளம்பும்போது இரட்டையர் அவள் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதன. அவற்றின்மேல் அவளுக்குக் கோபமே இல்லை என்பதுதான் அவளை இன்னும் கோபப்படுத்தியது. மாமா கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டிருந்தார்.

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் வந்தது. செவ்வாய்க்குப் பிறகு முதல் தடவை.

"யாஸ்மின்கா சொன்னா" என்றாள் ஹாய்ரா. "கன்னியாஸ்திரீங்க வீட்லயா இருக்கே? என்னடி இது? ஊர்ல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"அவங்க என்னைக் குழந்தை பாக்கச் சொல்லலம்மா."

மறுமுனையில் அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"தம்பியும் போன் பண்ணினான்" என்றாள் அம்மா. "நீ அத்தனை பேர் முன்னாடி என் நர்ஸ் படிப்பைப் பத்திச் சொன்னியாமே. அழுதான்."

"அழட்டும்."

"உனக்கு யாரு சொன்னா அதை? நான் உன்கிட்ட சொன்னதில்லையே."

"அப்பா."

"ம்." "அப்போ எனக்கு எப்படிக் கோபம் வந்துச்சு தெரியுமா? கிணத்தடில நின்னு வாளியைத் தூக்கிச் சுவர்ல அடிச்சேன். நசுங்கிப் போச்சு. எங்கப்பா வந்து, வாளி எப்படி நசுங்கிச்சுன்னு கேட்டார். கை தவறி விழுந்துடுச்சுன்னு சொன்னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவன் தலையைச் சீவிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பினேன்."

அம்மாமேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. அதன் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்படியிருந்தும் என்னை ஏம்மா அனுப்பினே?"

"தெரியல" என்றாள் ஹாய்ரா. "அவன் கேட்டா எனக்கு முடியாதுன்னு சொல்ல வரமாட்டேங்குது." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தொக்கு சீசா ஒண்ணாவது எடுத்துட்டு வந்தியா, இல்ல அத்தனையும் அந்தக் கழுதைகிட்டயே விட்டுட்டு வந்தியா?" என்று கேட்டாள்.

ஆய்வுக்கூட இடம் அம்ராவுக்கு வசந்தகாலத்தில்தான் கிடைத்தது. அதனால் படிப்பு அரை வருஷம் நீண்டது. ஸ்டைரிய ஜெர்மன் காதுக்குப் பழக அந்த அரை வருஷமும் ஆயிற்று. யாஸ்மின்கா அத்தை மாதம் ஒருமுறை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு விடுதி முற்றத்துக்கு வருவாள். சிஸ்டர் பிலாஷென்கா அவற்றுக்கு ஆப்பிள் அடை கொடுப்பார்.

செனாத் மாமா வந்தது பைராம் பெருநாளன்றுதான். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, கையில் யாஸ்மின்கா செய்த பக்லாவா இனிப்புத் தட்டு. ஆம்பளைங்க வாசலோட சரி என்பதால் கேட்டுக்கு வெளியே நின்றார். அம்ரா இறங்கி வந்து பெருநாள் வாழ்த்துச் சொன்னாள், தட்டை வாங்கிக்கொண்டாள், நோராவுக்கு இருமல் நின்றதா என்று விசாரித்தாள். மாமா காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார்.

"இன்னும் கோபமாவா இருக்கே?" என்றார்.

"ஆமா மாமா."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. வகுப்புக்கு நேரமாச்சு, வரேன்" என்று சொல்லி, தட்டோடு உள்ளே போனாள்.